கூடாரம் திறக்கும் கை

நுவரெலியாவில் ஜனவரி, பெப்ரவரி மாதத்து உறைபனி தேயிலைக் கொழுந்தைக் கருக்கிவிடும். மாத்தளைக்கு அந்தப் பயம் கிடையாது. இங்கே பையில் வளரும் மிளகுக் கன்றுகளுக்கு எமன், பெப்ரவரி தொடங்கிக் காயும் வெயில். நிலத்தில் நிற்கும் கொடி ஈரம் தேடி வேரை இறக்கிக்கொள்ளும். பையில் இருக்கும் கன்றுக்கு அந்த இரண்டு கை மண்ணை விட்டால் வேறு போக்கிடம் இல்லை.

உக்குவளைப் பக்கம் மிளகுத் தவறணை ஒன்றைப் பார்க்கப் போயிருந்தேன். வேலை செய்பவர்கள் பெரும்பாலும் தோட்டத்துப் பெண்கள். மேல்மண், மாட்டெரு, மணல், தும்புத்தூள் நான்கையும் சம அளவில் கலந்து கறுப்புப் பொலித்தீன் பைகளில் நிரப்புகிறார்கள். தாய்க்கொடியின் அடியில் ஓடும் தண்டை இரண்டு மூன்று கணு இருக்கும்படி வெட்டி நடுகிறார்கள். மூங்கில் பத்தைகளை வளைத்து, வெள்ளைப் பொலித்தீன் போர்த்தி, ஓரங்களை மண்போட்டு மூடுகிறார்கள். மேலே நிழல் வலை. ஏறக்குறைய ஒரு மாதம் கூடாரம் மூடியே கிடக்கும்.

இதுவரை யாரும் பழகிக்கொள்ளலாம். திறக்கும்போதுதான் கைத்திறமை தெரிகிறது. ஈரக்காற்றிலேயே விட்ட தளிருக்கு மேல்தோல் மெல்லிசு. வறண்ட காற்று சட்டென்று பட்டால், வேர் உறிஞ்சுவதைவிட வேகமாக இலை தண்ணீரை இழக்கும். ஒரே மதியத்தில் கன்று தொங்கிவிடும்.

அங்கிருந்த அக்கா ஒருவர் கூடாரத்தின் உட்பக்கத்தைக் காட்டினார். பொலித்தீனில் நீர்த்துளிகள் நெருக்கமாக ஒட்டியிருந்தன.

“விடியக்காலையில இந்தத் துளி இல்லேன்னா உள்ளுக்குக் காஞ்சிருச்சுன்னு அர்த்தம் தம்பி. அப்பதான் தண்ணி ஊத்தணும்.”

அளவுக்கு மிஞ்சி ஊற்றினாலும் ஆபத்துதான். பைட்டோப்தோரா என்ற நோய்க்கிருமி தண்டின் அடியைக் கறுக்கவைத்து அழுகச் செய்துவிடும்.

கூடாரத்தைத் திறக்கும்போது அக்கா முதலில் சாயங்காலத்தில் இரண்டு முனைகளை மட்டும் தூக்கிவிடுகிறார். மறுநாள் இன்னும் கொஞ்ச நேரம். அடுத்து பக்கவாட்டைச் சுருட்டுகிறார். ஒவ்வொரு முறையும் ஓர் இலையை விரல்களுக்கிடையே இலேசாக மடித்துப் பார்க்கிறார். துவண்டு மடிந்தால் திரும்ப மூடுகிறார். விறைப்பாக எதிர்த்தால் திறந்து விடுகிறார். குளிர்நாடுகளில் பொன்சாய் வளர்ப்பவர்கள், வசந்தத்தில் பிந்தி வரும் உறைபனிக்குப் பயந்து, தளிர்விட்ட சட்டிகளை இரவில் உள்ளே தூக்கி வைப்பதும் இதே கவலையால்தான். தளிர் பிஞ்சாக இருக்கும்போதுதான் செடிக்குக் கண்டம்.

ஏற்றுமதி விவசாயத் திணைக்களத்தின் ஆராய்ச்சி நிலையம் மாத்தளையிலேயே இருக்கிறது. டிங்கிரால, பூட்டாவே ரால, கொஹுகும்புரே ரால என்ற கலப்பின மிளகுகள் அந்தத் திணைக்களம் தந்தவை. எவ்வளவு நல்ல இனமானாலும், வெளிக்காற்றுக்குப் பழக்காத கன்று தோட்டத்தில் நிலைப்பது கடினம். அந்தப் பொறுப்பைச் சுமக்கும் அக்காவுக்கும், பை நிரப்ப நேற்று வந்தவருக்கும் அங்கே ஒரே நாட்கூலி. இது நியாயமில்லை. தேர்ந்த தொழிலாளிக்கு உரிய சம்பளம் அவருக்குக் கிடைக்க வேண்டும்.

ஒக்டோபர் மழைக்கு மிளகு நடப்போகிறவர்களே, பளபளக்கும் இளம்பச்சைக் கன்றைத் தேடாதீர்கள். கூடாரம் திறந்து எத்தனை நாளாயிற்று என்று கேளுங்கள். இலையை மடித்துப் பார்த்து, கரும்பச்சையாய் விறைப்பாய் நிற்பதை வாங்குங்கள்.