கேக்குதோ பிள்ளையள்?

மழை விடாததால் அன்று நேரடி விரிவுரை இல்லையென்று முதல் நாளே அறிவித்துவிட்டார்கள். இலங்கையின் வடக்கிலுள்ள ஒரு பல்கலைக்கழகத்துக்கு நான் நனைந்துகொண்டு போய்ச் சேர்ந்தபோது மண்டபங்கள் பூட்டிக் கிடந்தன. சைக்கிள் தரிப்பிடத்தில் இரண்டு நாய்கள்.

புள்ளிவிபரவியல் விரிவுரையாளரின் அறையில் மட்டும் வெளிச்சம். மேசையில் இரண்டு புத்தக அடுக்குகள், அவற்றுக்குக் குறுக்கே அடிமட்டம், அதன்மேல் கமரா கீழே பார்க்கும்படி ஒரு பழைய போன். கீழே ஏ4 தாள். அவர் எழுத எழுத, மடிகணினித் திரையில் கை மட்டும் தெரிந்தது. அதுதான் அவருடைய கரும்பலகை. பக்கத்தில் 84 பெயர்கள், எல்லாம் கறுப்புச் சதுரங்கள்.

நியம விலகலுக்கான சூத்திரத்தை எழுதி முடித்து, “கேக்குதோ பிள்ளையள்?” என்றார். சத்தமில்லை. இன்னொருமுறை கேட்டார். மைக்கை மூட மறந்த யாரோ வீட்டிலிருந்து, “மோட்டரை நிப்பாட்டு பிள்ளை, தாங்கி வழியுது!” என்று ஒரு தாயின் குரல் வந்தது.

“வகுப்பிலையெண்டா முகத்தைப் பாத்தே விளங்கும். ஒருத்தி புருவத்தைச் சுருக்கினா திரும்பச் சொல்லுவன். இதிலை ஆருக்கு விளங்கேல்லையெண்டு எனக்கு என்னெண்டு தெரியும்?”

2020 மார்ச்சில் கொரோனாவால் பல்கலைக்கழகங்கள் மூடப்பட்டபோது, லேர்ன் எனப்படும் இலங்கைக் கல்வி ஆய்வு வலையமைப்புத்தான் சூமை எல்லாருக்கும் எடுத்துக் கொடுத்தது. அதன் வழியாக வந்தால் அப்போது மாணவருக்கு டேட்டா காசு இருக்கவில்லை. யூடியூப்புக்கு அந்தச் சலுகை இருக்கவில்லை. ஆகவே நல்ல காணொளி இருந்தும் விரிவுரையாளர்கள் இணைப்பை அனுப்பத் தயங்கினார்களாம். 2022இல் எரிபொருள் இல்லாமல் மறுபடியும் சூம். மார்ச் கடைசியில் 13 மணிநேர மின்வெட்டு வேறு. கரண்ட் போனால் கொஞ்ச நேரத்தில் போன் கோபுரத்துப் பற்றரியும் இறங்கிவிடும், பிறகு சிக்னலும் இல்லை.

மேல்மாடியில் இரசாயனவியல்காரருக்குச் செய்முறை பற்றித்தான் ஆற்றாமை. “நியமிப்பிலை நிறம் மாறுறதைத் திரையிலை பாக்கலாம். அளவியைத் திருப்பிற கை பழகாதே!” வீட்டிலிருந்து எழுதிய ஒரு பரீட்சையில், 11 விடைத்தாள்களில் ஒரே எழுத்துப்பிழையைக் கண்டாராம். சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

மூடில் என்ற இணையக் கற்றல் தளத்தைப் பற்றி மட்டும் எவரும் குறைசொல்லவில்லை. குறிப்பு, ஒப்படை, பழைய வினாத்தாள் எல்லாம் ஓரிடத்தில் கிடக்கின்றன. வேலைக்குப் போய்க்கொண்டு படிக்கும் பிள்ளைகள் ராத்திரி வந்து எடுக்கிறார்கள். தமிழ்த்துறை மூத்தவர் ஒருவர், “அது நல்ல அலுமாரி தம்பி. அலுமாரிக்கு முன்னாலை நிண்டு படிப்பிக்கச் சொன்னாத்தான் கரைச்சல்” என்றார். கரைச்சல் எங்கே என்பதை இதைவிடச் சரியாக எனக்குச் சொல்லத் தெரியாது.

கீழே இறங்கி வந்தபோது புள்ளிவிபரவியல் வகுப்பு முடிந்திருந்தது. திரையில் இன்னும் மூன்று பெயர்கள். பெயர் சொல்லிக் கூப்பிட்டார், பதிலில்லை. “நித்திரையாக்கும்” என்று மூடப் போனபோது, கீழே ஒரு வரி எழும்பியது: ‘மிஸ், கரண்ட் போட்டுது, இப்பதான் வந்தனான்.’

போனை அடிமட்டத்திலிருந்து எடுத்தவர், திரும்ப அதிலேயே வைத்து, புதுத் தாளொன்றை உருவினார்.