ஒன்பதாவது சில்லு

1981ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் ஐ. பி. எம். நிறுவனம் வெளியிட்ட தனியாள் கணனியின் தாய்ப்பலகை, கூடியது 64 கிலோபைற் நினைவகத்தையே ஏற்கவல்லதாயிருந்தது. மேலும் வேண்டியோர் விரிவாக்க அட்டைகளைச் செருகினர். அவ்வாறு செருகியபின், திரையில் 201 என்னும் இலக்கத்தையோ ‘பரிற்றி செக் 2’ என்னும் சொற்களையோ கண்டு திகைத்தோர் பலர். அப்பழைய இயந்திரங்களை இன்று பேணுவோர்க்கும் இவ்வனுபவம் புதிதன்று.

பைற் ஒன்றில் எட்டுப் பிற்றுகள் உண்டு. ஆயின் அக்கணனியின் நினைவக வரிசை ஒவ்வொன்றிலும் ஒன்பது சில்லுகள் அமைந்திருந்தன. ஏனைய எட்டிலுமுள்ள ஒன்றுகளின் தொகையோடு தானும் சேர்ந்து அதனை ஒற்றையெண்ணாக்குவதே ஒன்பதாவது சில்லின் பணி. வாசிக்கும்பொழுது அத்தொகை இரட்டையாயின், எங்கோ ஒரு பிற் மாறிவிட்டமை புலனாகும். கணனி உடனே நின்றுவிடும். எது மாறிற்று என்பதை அச்சில்லு அறியாது.

எனவே காரணத்தைத் தேடும் பொறுப்பு மனிதனைச் சார்கின்றது. முதலில் நோக்கவேண்டியவை தாய்ப்பலகையிலுள்ள சிறு ஆளிகள். தன்னிடமுள்ள நினைவகத்தின் அளவைக் கணனி அவற்றைக் கொண்டே அறிகின்றது. உள்ளதற்கு மேலாக அவை கூறின், இல்லாத இடத்தைச் சோதித்துக் கணனி 201 என்னும். குறைவாகக் கூறின், எஞ்சியது பயனின்றிக் கிடக்கும். ஆளிகள் செவ்வனே இருப்பின், மின்னை நிறுத்தியபின், வெப்பத்தால் விரிந்தும் குளிர்ந்து சுருங்கியும் தம் குழிகளினின்று மெல்ல எழுந்துவிட்ட சில்லுகளை அழுத்திப் பொருத்தல் வேண்டும். அதன் பின்னரும் பிழை தொடரின், 201க்கு முன் தோன்றும் இலக்கங்கள் வழிகாட்டும். பதினாறை அடியாகக் கொண்ட எண்களில் அவை பிழையுற்ற இடத்தையும் பிற்றையும் சுட்டும். பிற்றுக்குரிய இலக்கம் 00 ஆயின், குற்றம் காவலிருந்த ஒன்பதாவது சில்லினுடையதே. ஐயத்துக்குரிய சில்லை வேறொரு வரிசையின் சில்லோடு இடம்மாற்றும்போது பிழையும் உடன்பெயரின் அச்சில்லே பழுதானது. பெயராதாயின் அட்டையை ஆராய்தல் வேண்டும்.

சில்லு பழுதுறாமலே பிற் மாறுவதும் உண்டு. சில்லின் உறையிலுள்ள யுரேனியம், தோரியம் ஆகியவற்றின் சுவடுகள் உமிழும் அல்பாத் துணிக்கைகள் இதற்குக் காரணமாகலாமென இன்ரெல் நிறுவனத்தைச் சேர்ந்த மே, வூட்ஸ் ஆகிய இருவரும் 1978இல் எடுத்துக்காட்டினர்.

1990களில், சிக்கனத்தை முன்னிட்டுத் தனியாள் கணனிகள் பலவற்றினின்று ஒன்பதாவது சில்லு நீக்கப்பட்டது. அதனால் பிழை ஒழியவில்லை. பிழை பற்றிய அறிவிப்பே ஒழிந்தது. மாறிய ஓர் எண், கணக்கிலோ ஆய்விலோ ஓசையின்றிப் புக வழியேற்பட்டது. பிழையைத் திருத்தவும் வல்ல நினைவகம் சேவையகக் கணனிகளில் இன்றும் இடம்பெறுவது இதன் பொருட்டேயாம். நின்றுவிட்ட பழைய கணனியை நொந்துகொள்வோர், அது நில்லாது ஓடியிருப்பின் விளைந்திருக்கக்கூடியதையும் எண்ணிப் பார்த்தல் தகும்.