கழுத்தா, தலையா?

காலை நிகழ்ச்சி செய்பவன் வீட்டில் அலாரம் 4.15க்கு அடிக்கும். அன்றும் அடித்தது. அதை நிறுத்த வலப்பக்கம் புரண்டேன். அறையே சுழன்றது. கட்டிலோடு சேர்த்து யாரோ என்னைக் கவிழ்ப்பது போல இருந்தது. விளிம்பைப் பிடித்துக்கொண்டு கிடந்தேன். அரை நிமிடம் இருக்கும், நின்றுவிட்டது.

“பித்தம்ப்பா. ராத்திரி நேரத்துக்குச் சாப்பிட்டியா?” என்றார் அம்மா, தொலைபேசியில். இஞ்சித் தண்ணீர் குடித்துவிட்டுப் போய், ஆறு மணிக்கு வணக்கம் சொன்னேன். வானொலியில் அது ஒரு வசதி. முகம் வெளிறியிருந்தாலும் நேயர்களுக்குத் தெரியாது.

அதற்குப் பிறகுதான் கூத்து. தலையை அசைத்தால் மறுபடியும் சுற்றுமோ என்ற பயம். தலையில் குடம் வைத்தவன் போல நடந்தேன். யாராவது கூப்பிட்டால் முழு உடம்போடு திரும்பினேன். இரண்டு தலையணையை அடுக்கி, மல்லாந்து, அசையாமல் தூங்கினேன். மூன்றே வாரத்தில் கழுத்து மரக்கட்டை ஆகிவிட்டது. பின்மண்டையிலிருந்து வலது தோள் வரை வலி. ஃபெடரல் நெடுஞ்சாலையில் தடம் மாற, திரும்பிப் பார்க்க முடியவில்லை.

கிளினிக்கில் கழுத்து வலி என்றேன். சுற்றலைச் சொல்லவில்லை, அது வேறு சங்கதி என்று நினைத்தேன். வலிக்கும் தசைப்பிடிப்புக்கும் மாத்திரை கொடுத்தார்கள். தசையைத் தளர்த்தும் மாத்திரை சிலருக்குத் தள்ளாட்டம் தரும். எனக்குத் தந்தது. பத்து நாள் கழித்து இன்னொரு கிளினிக். அங்கே தலைசுற்றலை மட்டும் சொன்னேன். ரத்த அழுத்தம், சர்க்கரை எல்லாம் சரி. சுற்றலுக்கு ஒரு மாத்திரை. ஒரே ஆளுக்கு இரண்டு பொட்டலம். மருத்துவர்களைக் குறை சொல்ல முடியாது. பேசிப் பிழைப்பவன் நான், பேச வேண்டிய இடத்தில் பாதியை விழுங்கிவிட்டேன்.

“முடிவெட்டுற கடையில ஒரு சொடக்கு எடுத்தா சரியாயிடும்” என்றார் நிலையத்தில் ஓர் அண்ணன். நல்ல வேளை, போகவில்லை. கழுத்தை வெடுக்கென்று திருப்பும்போது, அரிதாக, மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் நாளத்தின் உட்சுவர் கிழியலாம். அதனால் பக்கவாதமும் வரலாம். வலியோடு தலைசுற்றலும் இருப்பவர் செய்யவே கூடாத காரியம் அது.

கடைசியில் ஒரு பிசியோதெரபிஸ்ட்தான் அந்தக் கேள்வியைக் கேட்டார்: “முதல்ல எது வந்துச்சு? கழுத்தா, தலையா?”

தலை என்றேன். என்னை உட்கார வைத்து, தலையை வலப்பக்கம் திருப்பிப் பிடித்து, சட்டென்று மல்லாக்கப் படுக்க வைத்தார். இரண்டு மூன்று விநாடியில் அறை சுழன்றது. அவர் என் கண்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்; கருவிழி துடிக்கிறதாம். உள்காதில் கால்சியம் கார்பனேட்டால் ஆன நுண்ணிய துகள்கள் உண்டு. அவை இடம்பெயர்ந்து அரைவட்டக் குழாய்க்குள் விழுந்தால், புரளும்போதும் அண்ணாந்து பார்க்கும்போதும் இப்படிச் சுற்றும், பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்குள் அடங்கும். தலையைப் படிப்படியாகத் திருப்பி அந்தத் துகள்களை வெளியேற்றும் முறைக்கு, அதை உருவாக்கிய அமெரிக்க மருத்துவர் ஜான் எப்லியின் பெயர். எனக்குப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. எல்லாருக்கும் ஒரே தடவையில் சரியாவதில்லை, திரும்பவும் வரலாம். எந்தக் காது என்று தெரியாமல் காணொளியைப் பார்த்து நீங்களே முயல வேண்டாம்.

சுழற்சி நின்றது. ஆனால் படகில் நிற்பது போன்ற ஓர் ஆட்டம், கழுத்து வலித்த நாளெல்லாம், கூடவே இருந்தது. இதுதான் எனக்குப் புதுச் செய்தி. நாம் நிமிர்ந்து நிற்க மூளை மூன்று பேரிடம் தகவல் கேட்கிறதாம்: கண், உள்காது, உடம்பின் தசையும் மூட்டும். பின்மண்டைக்குக் கீழே உள்ள சின்னஞ்சிறு தசைகளில் தலை எந்தப் பக்கம் இருக்கிறது என்று சொல்லும் உணரிகள் மிக நெருக்கமாக உள்ளன. அவை இறுகி வலித்தால் தகவல் பிசகும். ஒரே பேச்சை மூன்று மைக்கில் எடுத்து ஒன்று மட்டும் பிந்தி வந்தால் எப்படிக் குழம்பும்? அப்படித்தான். ஆட்டம் பயத்தைத் தர, பயம் கழுத்தை இறுக்க, இறுகிய கழுத்து ஆட்டத்தைக் கூட்டுகிறது. ஆனால், கழுத்தால்தான் தலை சுற்றுகிறது என்று உறுதிசெய்யத் தனியாக ஒரு பரிசோதனை கிடையாது. மற்றக் காரணங்களை விலக்கிவிட்டுத்தான் அந்த முடிவுக்கு வருகிறார்கள். கழுத்து வலிக்கும் எல்லாருக்கும் தலை சுற்றுவதும் இல்லை.

எனக்குச் சொன்ன மருந்து, அசைவு. சுவரில் ஒரு புள்ளியைப் பார்த்தபடி தலையை மெல்ல இடமும் வலமும் திருப்புவது, நாடியை உள்ளிழுப்பது. முதல் வாரம் எரிச்சலாக இருந்தது. ஆறாவது வாரத்தில் நெடுஞ்சாலையில் திரும்பிப் பார்த்தேன்.

ஒன்றை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். சுற்றலோடு பேச்சுக் குழறல், இரட்டைப் பார்வை, முகம் கோணுதல், கை கால் பலவீனம், இதுவரை இல்லாத கடுமையான தலைவலி அல்லது கழுத்து வலி, இவற்றில் ஒன்று வந்தாலும் பிசியோ இல்லை, நேராக 999.

இதையெல்லாம் கிள்ளானில் அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் தோளில் கோடாலித் தைலம் தேய்த்துக்கொண்டே கேட்டார். அந்தத் தோள் வலிக்கு வயது நான்கு. அப்போதுதான் எனக்கு உறைத்தது. மேல் அலமாரியில் இருக்கும் டின்னை அம்மா தானே எடுப்பதில்லை, யாரையாவது கூப்பிடுவார். பத்துமலைக்குப் போனாலும், 42.7 மீட்டர் முருகனை அண்ணாந்து பார்க்க மாட்டார். “கால்ல கும்பிட்டா போதும்” என்பார். பக்தி என்று நினைத்திருந்தேன்.

“படுக்கையில புரண்டா சுத்துமாம்மா?”

தைலப் போத்தலை மூடினார். “வயசானா எல்லாருக்கும் சுத்தும்தானே?”

“எந்தப் பக்கம்?”

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “இடது பக்கம்” என்றார். “அதான் நாலு வருசமா அந்தப் பக்கம் படுக்கிறதில்ல.”

வியாழக்கிழமைக்கு நேரம் வாங்கியிருக்கிறேன். நானும் கூடப் போகிறேன், இரண்டையும் சேர்த்துச் சொல்ல.