எத்தனை பில்லியன், வாத்தியாரே?

தீபாவளி நெருங்கும் நாளில் நம் வீடுகளுக்கு ஒரு விருந்தாளி தவறாமல் வந்துவிடுகிறார். அவர் பலகாரம் கேட்பதில்லை, புதுத்துணி கேட்பதில்லை. ஒரு வெள்ளிக்கிழமை மாலை 4 மணிக்குத் தொலைக்காட்சிப் பெட்டிக்குள் வந்து நின்று, மணிக்கணக்கில் பேசிவிட்டுப் போய்விடுகிறார். நாட்டின் வரவு செலவுத் திட்டத்தைத்தான் சொல்கிறேன். மக்களவையின் 222 உறுப்பினர்களுக்காக நிதியமைச்சர் வாசிக்கும் அந்த உரையை, உறுப்பினராக இல்லாத நாமும் உட்கார்ந்து பார்க்கிறோம். உறுப்பினர்களாவது இடையில் கொஞ்சம் கண்ணயரலாம். நமக்கு அந்தச் சலுகை கிடையாது. நம் கைக்கு எவ்வளவு வரும், நம் கையிலிருந்து எவ்வளவு போகும் என்று காதைத் தீட்டிக்கொண்டு இருக்க வேண்டும்.

எங்கள் அப்பா காலத்துக் கதை வேறு. துன் டான் சியூ சின் 1959 முதல் 1974 வரை நிதியமைச்சராக இருந்தார். அந்நாளில் பட்ஜெட் என்றாலே வரி என்றுதான் லயத்து ஜனங்களுக்கு அர்த்தம். உரைக்கு முதல்நாளே கடைத்தெருவில் சிகரெட் தீர்ந்துவிடும் என்று அப்பா சொல்வார். விலை ஏறுவதற்குள் நாலு பாக்கெட் வாங்கி வைத்துக்கொண்டு, அதை அந்த இரவுக்குள்ளேயே ஊதித் தீர்த்த மகானுபாவர்களும் உண்டாம்.

இப்போது காலம் மாறிவிட்டது. வரி என்ற பயம் பாதி, உதவித்தொகை என்ற ஆசை பாதியாக ஜனங்கள் பெட்டிக்கு முன்னால் கூடுகிறார்கள். எங்கள் புக்கிட் தெங்கா பக்கத்தில் ஓய்வு பெற்ற கங்காணி ஐயா ஒருவர் வீட்டில்தான் கூட்டம். பெரிய திரையும் பெரிய மனசும் அவரிடம் இருக்கின்றன. தோட்டத்துத் தமிழ்ப்பள்ளி ஆசிரியன் என்ற முறையில் நான் அந்தச் சபையின் மொழிபெயர்ப்பாளன். பயிற்சிக் கல்லூரியில் எனக்குப் பல வித்தைகளைக் கற்றுத் தந்தார்கள். பில்லியனைக் கோடியாக்கும் வித்தையை மட்டும் நானே கற்றுக்கொண்டேன்.

2024 அக்டோபர் 18ஆம் நாள் உரையை மறக்க முடியாது. பிரதமரும் நிதியமைச்சருமான டத்தோஸ்ரீ அன்வார் இப்ராஹிம் 2025ஆம் ஆண்டுக்கான திட்டத்தை வாசித்தார். தீபாவளிக்கு இன்னும் 13 நாள். கூடத்தின் ஒரு மூலையில் பெண்கள் முறுக்குப் பிழிந்துகொண்டிருந்தார்கள். மொத்தச் செலவு 421 பில்லியன் ரிங்கிட் என்று அறிவிப்பு வந்ததும் கங்காணி ஐயா என் பக்கம் திரும்பினார்.

"நம்ம கணக்குல அது எவ்வளவு, வாத்தியாரே?"

"ஒரு பில்லியன்னா நூறு கோடி, ஐயா. ஆகக்கூடி 42,100 கோடி வெள்ளி."

"நாட்டுல எத்தனை பேரு?"

"ஏறக்குறைய 3 கோடியே 40 லட்சம்."

அவர் கண்ணை மூடிக் கணக்குப் போட்டார். முப்பது வருடம் பெரட்டுக் களத்தில் ஆள் கணக்கு எடுத்த மூளையல்லவா! "தலைக்குப் பன்னிரண்டாயிரத்துக்கு மேல வருதே! ரோடும் பாலமும் அவங்க நிதானமாக் கட்டட்டும். என் பங்கை மட்டும் இப்பவே கொடுத்துடச் சொல்லுங்க" என்றார்.

முறுக்கு மூலையில் ஒரு பாட்டி இருந்தார். எழுபதைத் தாண்டியவர். அவருக்குத் தொகையைவிட சத்தத்தில்தான் கவனம். உரையில் ஒரு நல்ல செய்தி வந்தால் உறுப்பினர்கள் மேசையைத் தட்டுவார்கள். அதுதான் அங்கே கைதட்டல்.

"ஏன் தம்பி, இந்தப் பக்கத்து ஆளுங்க மட்டும் மேசையை இந்தத் தட்டு தட்டுறாங்க? மூட்டைப் பூச்சியா?"

"இல்லை பாட்டி, சந்தோஷம்."

"அப்ப அந்தப் பக்கத்து ஆளுங்களுக்குச் சந்தோஷம் இல்லையா?"

"அவங்க எதிர்க்கட்சி."

"அவங்க வீட்டுக்கு மட்டும் அரிசி வேண்டாமா?"

இதற்கு நான் என்ன மொழிபெயர்ப்பது? இந்த வழக்கம் நமக்கு மட்டும் உரியதல்ல என்று சமாதானம் சொன்னேன். அமெரிக்க அதிபர் ஆண்டுதோறும் நாடாளுமன்றத்துக்கு உரையாற்றும்போது அவருடைய கட்சிக்காரர்கள் எழுந்து எழுந்து கைதட்டுவார்கள். மறு கட்சிக்காரர்கள் பசை போட்டு ஒட்டியதுபோல் உட்கார்ந்திருப்பார்கள். 2020 பிப்ரவரி 4ஆம் நாள் அதிபர் டிரம்ப் பேசி முடித்ததும், அவருக்குப் பின்னாலேயே இருந்த சபாநாயகர் நான்சி பெலோசி அம்மையார் உரைத் தாளை எல்லாரும் பார்க்கக் கிழித்துப் போட்டார். இதைச் சொன்னதும் என் ஆறாம் ஆண்டு மாணவன் ஒருவன், "சார், நான் பயிற்சித் தாளைக் கிழிச்சப்ப மட்டும் வெளியே நிக்க வெச்சீங்களே!" என்றான். அன்றைக்கு மேசை தட்டியது எங்கள் கூடத்தில்தான்.

நீளம் பற்றியும் பேச்சு வந்தது. இந்திய நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் நம் மதுரையில் பிறந்தவர். 2020 பிப்ரவரி 1ஆம் நாள் அவர் இரண்டரை மணி நேரத்துக்கும் மேல் வாசித்தார். உடல் அசதியால் கடைசிப் பக்கங்களை வாசிக்காமலே உட்கார வேண்டியதாயிற்று. "பாவம், ஒரு வாய் காப்பி கொடுக்க ஆளில்லையா?" என்று முறுக்குச் சபை ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேற்றியது.

சிரிப்பு ஒரு பக்கம் இருக்கட்டும். இந்த உரைகள் நம் சட்டைப் பைக்குள் கைவிடும் வேகத்தை லேசாக எண்ணிவிடக் கூடாது. 2018 நவம்பர் 2ஆம் நாள், பாகான் தொகுதி உறுப்பினரான லிம் குவான் எங் நிதியமைச்சராக வாசித்த உரையை எடுத்துக்கொள்ளுங்கள். பினாங்கின் இரண்டு பாலங்களிலும் மோட்டார் சைக்கிளுக்குச் சாலைக் கட்டணம் இல்லை என்றார். 2019 ஜனவரி 1 முதல் அது நடப்புக்கு வந்தது. பழைய பாலத்தில் தினம் 1.40 வெள்ளி கட்டித் தீவுக்குத் தொழிற்சாலை வேலைக்குப் போன நம் பிள்ளைக்கு, 26 நாளைக்கு 36.40 வெள்ளி மிச்சம். அதே உரையில்தான் சீனி அதிகமுள்ள அடைத்த பானங்களுக்கு லிட்டருக்கு 40 சென் வரி என்றும் சொன்னார். "கலக்கிக் குடிக்கிற தேத்தண்ணிக்கும் உண்டா?" என்பதே அன்று எங்கள் கூடத்தின் பெரிய கேள்வி. இல்லை என்றதும்தான் பசியாறவே உட்கார்ந்தார்கள்.

2024 உரையில் நம் தோட்டத்துக் குடும்பங்களுக்கு உரிய எண் ஒன்று இருந்தது. 421 பில்லியன் அல்ல, வெறும் 1,700. குறைந்தபட்சச் சம்பளம் 1,500லிருந்து 1,700 வெள்ளியாக உயரும் என்ற அறிவிப்பு. தீபகற்பத்தில் 2013இல் 900 வெள்ளியாகத் தொடங்கிய படிக்கட்டு அது. அந்த எண் காதில் விழுந்ததும் முறுக்கு உழக்கு ஒரு நிமிடம் நின்றது.

ஆனால் எண்ணை மட்டும் கேட்டால் போதாது. பக்கத்து வீட்டுப் பையன் நாலு பேர் வேலை செய்யும் சிறிய பட்டறை ஒன்றில் இருந்தான். 2025 பிப்ரவரியில் முதலாளியிடம் போய், "1,700 கொடுங்க" என்று நின்றான். "ஆகஸ்டில் வா" என்றார் அவர். பையன் கொதித்துப்போய் என்னிடம் வந்தான். முதலாளி சொன்னது சரிதான். ஐந்து பேரும் அதற்கு மேலும் உள்ள இடங்களுக்கு 2025 பிப்ரவரி 1. ஐந்து பேருக்குக் குறைந்த இடங்களுக்கு ஆகஸ்டு 1 என்பதுதான் ஆணை. முதலாளி தேதியைக் கேட்டிருக்கிறார், பையன் மேசைச் சத்தத்தைக் கேட்டிருக்கிறான்.

அதே ஆணையில் நமக்கு நேராக உள்ள வரி ஒன்று உண்டு. துண்டுக் கணக்கிலோ டன் கணக்கிலோ கூலி வாங்குகிறவருக்கும் மாதச் சம்பளம் 1,700க்குக் குறையக் கூடாது. செம்பனைக் குலைக் கணக்குக்கும் இது பொருந்தும். வாரம் 6 நாள் வேலை செய்பவருக்கு ஒரு நாள் கணக்கு 65.38 வெள்ளி. சம்பளச் சீட்டை எடுத்து, இந்த எண்ணை வைத்துப் பாருங்கள். குறைந்தால் 1954 முதல் இயங்கிவரும் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கத்திலோ தொழிலாளர் இலாகாவிலோ போய்க் கேட்கலாம்.

இனி அந்தப் பாட்டியின் விஷயம். உதவித்தொகைகளுக்கு 13 பில்லியன் ரிங்கிட் என்று உரையில் வந்தபோது அவர் மாவுக் கையோடு எழுந்து வந்தார்.

"அதுல நான் இருக்கேனா, தம்பி?"

கூடம் அமைதியாயிற்று. எங்கள் எல்லாருக்கும் பதில் தெரியும். அந்த உதவி குடிமக்களுக்கு. பாட்டியின் அடையாள அட்டை சிவப்பு. தோட்டத்து லயத்தில் மருத்துவச்சி கையில் பிறந்தவர். பதிந்து வைக்க அன்று யாருமில்லை. பால்மரம் வெட்டி, பிள்ளைகளை வளர்த்து, பேரன் பேத்தி எடுத்தும் இந்த மண்ணில் நிரந்தரவாசியாகத்தான் இருக்கிறார்.

"இந்த வருஷம் இல்லை, பாட்டி" என்றேன்.

"சரி. அவர் இப்ப சொன்னாரே ஒரு சொல்லு, அதுக்கு என்ன அர்த்தம்?" என்று கேட்டார். 'செஜாத்ரா' என்ற சொல். நல்வாழ்வு என்றேன். அதை மூன்று முறை வாய்க்குள் சொல்லிக்கொண்டு முறுக்குச் சட்டிக்குத் திரும்பினார்.

அப்புறம்தான் கங்காணி ஐயா விளக்கினார். குடியுரிமை கேட்பவருக்கு மலாய்மொழி தெரிந்திருக்க வேண்டும் என்பது அரசியலமைப்பின் விதி. சந்தையில் மீன் வாங்கும் மலாய் பாட்டிக்கு வரும். நேர்காணலில் அது போதுமோ என்று பயம். ஆகவே தொலைக்காட்சியில் பெரியவர்கள் பேசும் மலாயைக் கேட்டுப் பழகுகிறாராம். நாங்கள் வெள்ளிக் காசுக்காகப் பார்த்த உரையை, அவர் பாடமாகக் கேட்டிருக்கிறார்! என் வகுப்பில் இப்படி ஒரு மாணவர் எனக்கு வாய்த்ததில்லை. மறுவாரமே விண்ணப்பப் பாரத்தை எடுத்து வந்து, இருவரும் உட்கார்ந்து நிரப்பினோம். தினம் அரை மணி நேரம் மலாய் வாசிப்பும் தொடங்கிற்று.

2025 அக்டோபர் 10ஆம் நாள் அடுத்த உரை வந்தது. இம்முறை 419.2 பில்லியன். நான் வாயைத் திறப்பதற்குள், "பெலஞ்சாவான்னா பட்ஜெட்டு, ரக்யாட்னா ஜனங்க" என்று பாட்டியே கங்காணி ஐயாவுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். மொழிபெயர்ப்பாளன் வேலை எனக்குப் போய்விட்டது. விண்ணப்பத்துக்குப் பதில் இன்னும் வரவில்லை. பாட்டி வாசிப்பை நிறுத்தவில்லை.

வாசக நேயர்களே, அடுத்த உரையை நீங்களும் பாருங்கள், நன்றாகச் சிரியுங்கள். ஆனால் கையில் ஒரு பென்சில் இருக்கட்டும். எவ்வளவு, யாருக்கு, எந்தத் தேதியிலிருந்து, எங்கே போய்க் கேட்பது என்ற நாலையும் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் லயத்தில் சிவப்பு அட்டையோடு ஒரு பெரியவர் இருந்தால், பாரம் நிரப்ப அவர் பக்கத்தில் ஒரு மணி நேரம் உட்காருங்கள். நாடாளுமன்றத்தில் தட்டுகிற மேசை அங்கேயேதான் இருக்கும். அந்தப் பாரத்தை எழுத நம் வீட்டுச் சாப்பாட்டு மேசை போதும்.