சிலோன் என்று எழுதச் சொன்ன தம்பிக்கு

பேசாலை

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். சோளகம் எழும்பிவிட்டது. முற்றத்தில் கருவாடு காயப்போட்டால் மீனைவிட மணல்தான் கூட. மூத்தவன் படகுக்குப் புது எஞ்சின் போட்டிருக்கிறான், எல்லாம் கடன். உனக்குச் சீனி கூடிப்போச்சாம், நடந்தால் காணும் என்று மருந்தை விட்டுவிட்டாயாம். மருமகள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அறுபது தாண்டிய மனுசனுக்கு இதையும் நான் சொல்லவேண்டிக் கிடக்கு.

சரி, உன்னை ஏச வந்த விஷயம் வேறு. போன கிழமை உன் பேத்தி வட்ஸ்அப்பில் கோல் எடுத்தாள். குடும்பம் எந்த நாட்டிலிருந்து வந்தது என்று பள்ளிக்கூடத்தில் எழுதச் சொன்னார்களாம். நீ 'சிலோன்' என்று எழுதச் சொல்லியிருக்கிறாய். உலகப் படத்தில் அப்படியொரு நாடு இல்லையே என்று வகுப்பில் சிரித்தார்களாம். "எது ஆச்சி சரி? சிலோனுக்கு ஏன் 'எஸ்' போடாமல் 'சி' போடுகிறார்கள்?" என்று கேட்டாள். கெட்டிக்காரி. அவளுக்கு ஒருமாதிரி விளங்கப்படுத்தினேன். உனக்குத்தான் இனிச் சொல்லவேண்டும்.

நீ அந்தப் பெயரை ஏன் விடுகிறாயில்லை என்பது எனக்குத் தெரியாதா? 'ஸ்ரீ' என்றதும் உனக்கு அப்பா சொன்ன கதைதான் நினைவுக்கு வரும். 1957 தையிலிருந்து வாகன இலக்கத்தகடுகளில் சிங்கள ஸ்ரீயைப் போட்டார்கள். நம் பக்கத்தில் அதை அழித்தார்கள், தெற்கில் தமிழ் எழுத்துகளுக்குத் தார் பூசினார்கள், 1958இல் அது இரத்தத்தில் போய் முடிந்தது. பிறகு 1972 மே 22 வந்தது. சிலோன் ஸ்ரீலங்காவானது. அதே அரசியலமைப்புத்தான் சிங்களத்தை அரச மொழியாக்கி, பௌத்தத்துக்கு முதன்மை இடமும் கொடுத்தது. பெயரையும் அந்தக் காயத்தையும் நீ ஒன்றாகவே சேர்த்து வைத்திருக்கிறாய். அதை நான் பிழை என்று சொல்லவில்லை.

ஆனால் தம்பி, அதற்குப் பதிலாக நீ போய் ஒளிந்திருக்கும் பெயர் யாருடையது? சிலோன் என்பதன் வேர் பாளியில் உள்ள 'சீஹள', அதாவது சிங்களம் என்பதுதான் என்று பெரும்பாலான அறிஞர்கள் சொல்கிறார்கள். ஆறாம் நூற்றாண்டில் கொஸ்மாஸ் என்ற கிரேக்க வணிகர் 'சீயலெதீபா' என்று எழுதிவைத்தார். அது சீஹள தீபம்தான். அராபியர் வாயில் அது 'சரந்தீப்' ஆனது, 'சைலான்' என்றும் வழங்கியது. மார்க்கோ போலோவும் 'சைலான்' என்றுதான் எழுதினார். 1505இல் வந்த போர்த்துக்கேயர் அதைத் தங்கள் வழக்கப்படி 'சி' போட்டு எழுதினார்கள். அவர்களுடைய எழுத்தில் 'சி'க்குப் பின்னால் 'ஈ' வந்தால் ஸகர ஓசை. ஒல்லாந்தர் 'இசெட்' போட்டும் எழுதினார்கள். ஆங்கிலேயருக்குக் கடைசியில் கைக்கு வந்தது 'சி' போட்ட எழுத்து. சின்னவளின் 'எஸ்' கேள்விக்கு விடை இவ்வளவுதான். சிங்களத்தின் பெயர் வேண்டாம் என்று நீ ஓடிப்போய் நின்ற இடமும் சிங்களத்தின் பெயர்தான். ஏழெட்டு வாய் மாறி வந்ததில் உனக்கு அடையாளம் தெரியவில்லை, அவ்வளவுதான்.

போர்த்துக்கேயர் பெயரை மட்டுமா விட்டுப்போனார்கள்? 1560இல் மன்னாரில் கோட்டை கட்டினார்கள். ஊரில் வீட்டுக்கு வீடு குரூஸ், பீரிஸ், டயஸ், கூஞ்ஞ. நீ சாய்ந்திருக்கும் கதிரையும் உடுப்பு வைக்கும் அலுமாரியும் அவர்களுடைய சொற்கள். அதையெல்லாம் யார் தந்தது என்று பார்த்தா பாவிக்கிறோம்? பள்ளிமுனைப் பெருக்கமரத்தைக்கூட அராபியர் கொண்டுவந்து வைத்ததாகத்தான் சொல்கிறார்கள். நம்முடைய முத்துக்காக வந்த கப்பல்கள்தான் நாட்டின் பெயரையும் வெளியே ஏற்றிப்போயிருக்கும். கிரேக்கரின் 'தப்ரபேன்' இன்னும் பழையது, 'தம்பபண்ணி' என்ற பாளிப் பெயரிலிருந்து வந்தது. நம் மன்னார்த் தீவின் தென்கரையில் 2020இல் திறந்த காற்றாலைக்கு வைத்த 'தம்பபவனி' என்ற பெயரிலும் அதே ஓசை கேட்கிறது.

இனி நான் சொல்லவந்ததைக் கேள். 1972இல் உலகம் முழுக்கப் பெயர் மாறியது, தமிழில் மாறவில்லை. நேற்றும் இலங்கை, இன்றும் இலங்கை. 1939இல் தொடங்கிய 'பேங்க் ஒப் சிலோன்' ஆங்கிலத்தில் இன்றும் அதே பெயரில்தான் நிற்கிறது, நமக்கு அது என்றைக்கும் இலங்கை வங்கி. நீ பொக்கற் ரேடியோவை வைத்துக்கொண்டு படிக்காமல் திரிந்த காலத்தில் வானொலிக்கு ஆங்கிலத்தில் சிலோன் போய் ஸ்ரீலங்கா வந்தது. உன் காதில் விழுந்தது முன்னும் பின்னும் இலங்கைதான். சிலப்பதிகாரத்தில் கயவாகு மன்னன் பத்தினிக் கோயிலுக்கு வந்ததும் இலங்கையிலிருந்துதான் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோமே. ஈழம் என்ற சொல்லும் பட்டினப்பாலையிலேயே இருக்கிறது. அதுவும் சீஹளத்திலிருந்து வந்ததா, நமக்கே உரியதா என்று அறிஞர்கள் இன்னும் அடிபடுகிறார்கள். யாருக்கும் ஒளித்துச் சொல்லவேண்டிய நிலையில் நாம் இல்லை. லங்கா அவர்களுக்கு என்றால், இலங்கை நமக்கு.

உச்சரிப்பையும் உன் பேத்தி கேட்டாள். ரீச்சர் 'ஷ்ரீ' என்கிறாவாம், தாய் 'ஸ்ரீ' என்கிறாளாம். சமஸ்கிருதத்திலும் சிங்கள எழுத்திலும் அது 'ஷ' பக்கம் சாய்ந்த ஓசை, ஆங்கில எழுத்தில்தான் வெறும் 'எஸ்'. பிரேமதாச ஜனாதிபதியாக இருந்தபோது 'ஹெச்' ஒன்றைச் செருகி ஆங்கிலத்தில் 'ஷ்ரீ லங்கா' என்று எழுத வைத்தார். 1993இல் அவர் கொல்லப்பட்ட பிறகு அந்த 'ஹெச்'சும் போய்விட்டது. ஒரு எழுத்துக்கே இந்த நாட்டில் இவ்வளவு அரசியல்.

ஆகவே நான் சொல்வதைச் செய். உலகப் படத்தில் உள்ளபடி அவள் ஸ்ரீலங்கா என்று ஆங்கிலத்தில் எழுதட்டும். பக்கத்தில் தமிழில் இலங்கை என்று உன் கையால் எழுதிக்காட்டு. உன் பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில் ஏன் சிலோன் இருக்கிறது என்பதையும் சொல். முக்கியமாக, ஸ்ரீ என்ற எழுத்தைக் கண்டால் தாத்தாவுக்கு ஏன் முகம் மாறுகிறது என்பதை மறைக்காமல் சொல். பத்து வயதுப் பிள்ளைக்கு விளங்காதென்று நினைக்காதே. நீ காரணத்தை விழுங்கிவிட்டுப் பெயரை மட்டும் கொடுத்ததால்தான் அவள் வகுப்பில் நின்று முழிசினாள். கோபம் உன்னுடையது, அதற்கு உனக்கு உரிமை இருக்கிறது. விளக்கம் சொல்லாமல் அதைச் சின்னவளின் தலையில் கட்டாதே.

பள்ளிக்கூட விடுமுறைக்கு அவளைக் கூட்டிக்கொண்டு வா. 2015இல் தலைமன்னார் வரை ரயில் மறுபடி ஓடத் தொடங்கியது, அது ஓடினால் கொழும்பில் ஏறி நம் ஊர் ஸ்டேஷனிலேயே இறங்கலாம். வான் பிடித்துக் காசைக் கரைக்காதே. ரிக்கற் போட்டதும் திகதியை எழுது. மேல் அறைக்குச் சுண்ணாம்பு அடிக்க ஆளைப் பிடிக்கவேண்டும், கடைசி நேரத்தில் சொன்னால் ஒருவரும் வரமாட்டார்கள்.

உன் அன்பு அக்கா