பொதுப்பணியும் கருவியும்

பலர் கூடி ஒரு பணியைச் செய்யும்போது, யார் எதைச் செய்தார், எப்போது செய்தார், ஏன் செய்தார் என்னும் குறிப்பு இன்றியமையாதது. அஃது இல்லையேல், ஒருவர் கட்டியதை மற்றொருவர் அறியாமல் இடித்துவிடக்கூடும். கணினிக்கு நிரல் எழுதுவோர் இக்குறிப்பைக் காக்கக் கையாளுவது பதிப்புக் கட்டுப்பாட்டுக் கருவியாகும். எந்தக் கருவியைத் தேர்வது என்பது சிறு செய்தியாகத் தோன்றலாம். ஆயினும், லினக்ஸின் வரலாற்றை எண்ணுந்தோறும் அது சிறு செய்தியன்று என்றே எனக்குப் படுகிறது.

கணினியை இயக்கும் அடிப்படை நிரல் லினக்ஸ். 1991ஆம் ஆண்டில், பின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கி நகரில், லினஸ் டோர்வால்ட்ஸ் என்னும் மாணவர் அதனைத் தொடங்கினார். அதன் மூலநிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம், பிறர்க்கும் வழங்கலாம். பல நாட்டினரும் தம் திருத்தங்களை மின்னஞ்சல் வழியே அனுப்பினர். நாளடைவில் அவை வெள்ளமெனப் பெருகின. அவற்றையெல்லாம் ஆராய்ந்து சேர்ப்பது டோர்வால்ட்ஸுக்கு அரிதாயிற்று.

ஆகவே, 2002ஆம் ஆண்டில் அவர் பிட்கீப்பர் என்னும் கருவியை மேற்கொண்டார். பணி விரைந்தது. ஆனால், அக்கருவி ஒரு நிறுவனத்தின் உடைமை. விலையின்றிப் பயன்படுத்துவோர்க்கு அந்நிறுவனம் சில நிபந்தனைகளை விதித்திருந்தது. கட்டற்ற நிரலுக்குக் கட்டுள்ள கருவியா என்று சிலர் அன்றே வினவினர். நன்கு உழைக்கும் கருவியைத் தள்ளுவானேன் என்றனர் வேறு சிலர். இரண்டாவது கூற்றிலும் நியாயம் உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. நல்ல கருவியின்றிப் பெரும்பணி நடவாது.

எனினும், 2005ஆம் ஆண்டில் ஓர் இடர் நேர்ந்தது. அக்கருவியின் இயக்கமுறையை நிரலர் ஒருவர் வெளியிலிருந்து ஆராய முற்பட்டார். நிறுவனம் அதற்கு உடன்படாமல், விலையில்லா உரிமையைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. தன் உடைமையைக் காப்பது அதன் உரிமை. ஆனால், ஆயிரக்கணக்கானோர் உழைப்பு வழி தெரியாது நின்றது.

டோர்வால்ட்ஸ் பிற கருவிகளை நோக்கினார். தம் தேவைக்கு ஏற்ற விரைவு அவற்றில் இல்லை எனக் கண்டார். ஏப்ரல் மாதத்தில் தாமே ஒன்றை எழுதத் தொடங்கினார். அதுவே கிட். சில நாட்களிலேயே அது தன் மூலநிரலைத் தானே காக்கும் நிலையை எய்தியது. கிட்டில் பணிசெய்வோர் ஒவ்வொருவரும் முழு வரலாற்றையும் தம் கணினியிலேயே வைத்துக்கொள்ளலாம். ஆதலின், ஒருவர் கதவடைத்தாலும் பணி நில்லாது. கிட்டின் மூலநிரலும் எல்லார்க்கும் பொது. பின்னர், 2016இல் பிட்கீப்பரின் மூலநிரலும் பொதுவில் வைக்கப்பெற்றது.

கருவியைத் தேர்வோர் அதன் கூர்மையை மட்டும் நோக்கினால் போதாது. அதன் பிடி யார் கையில் உள்ளது என்பதையும் நோக்குதல் வேண்டும். பலர் உழைப்பைத் தாங்கும் கருவி ஒருவர் விருப்பத்தால் நின்றுபோகுமாயின், அது எத்துணைச் சிறந்ததாயினும் பொதுப்பணிக்கு ஏற்றதாகாது என்பது என் துணிபு.