இடைவெளி

உயர்தரப் பரீட்சை எழுதியபின் பல்கலைக்கழக வாயிலை அடைய ஓராண்டுக்கு மேலாகக் காத்திருந்தவன் நான். அக்காலத்தில் என் வகுப்புத் தோழனொருவன் குடும்பச் சுமையாற் கடையொன்றிற் கணக்கெழுதப் போனான். அனுமதிக் கடிதம் வந்தபோது அவன் படிப்பிலிருந்து வெகுதூரம் போய்விட்டிருந்தான்.

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் 1985 இல் இயற்றப்பட்ட சட்டமோ, பதினோராம், பன்னிரண்டாம் வகுப்பு மாணவர் கட்டணமின்றிப் பல்கலைக்கழகப் பாடங்களைப் பயில வழிவகுத்தது. அங்கு பயிலும் ஒரே பாடம் பாடசாலையிலும் பல்கலைக்கழகத்திலும் கணக்கிற் கொள்ளப்படும். வெட்டுப்புள்ளியால் வரையறுக்கப்படும் எம் அனுமதி முறையில் அதனை அப்படியே பெயர்த்து நடுதல் பொருந்தாது. ஆயினும், பாடசாலைக்கும் பல்கலைக்கழகத்துக்கும் இடையே நிற்கும் மதில் இயற்கையின் நியதியன்று, மனிதர் எழுப்பியதே என்பதை அச்சட்டம் உணர்த்துகின்றது.

காத்திருப்போருக்கு மாலை விரிவுரையொன்றின் பின்வரிசையேனும் திறந்திருப்பின், என் தோழன் போன்றோர்க்குக் கல்வியின் இழை அறாதிருக்குமன்றோ?